தஞ்சைக் காவிரிப் படுகையின் வெற்றிலைக் கொடிக்கால்களில் செம்புப் பூஞ்சைக்கொல்லிகள்: பாதுகாப்பான பயன்பாடு குறித்த விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் தோன்றிய போர்டோக் கலவை, காவிரிப் படுகையின் வெற்றிலைக் கொடிக்கால்களில் வாடல் நோய்த் தடுப்புக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. திராட்சையில் இலையைக் காப்பது கனிக்காக. வெற்றிலையிலோ இலையே விளைபொருள். அது சமைக்கப்படாமல் பச்சையாகவே உண்ணப்படுவது. எனவே திராட்சைக்குரிய தெளிப்பு முறையை வெற்றிலைக்கு அப்படியே பொருத்த இயலாது. இலையைத் தவிர்த்து வேர்ப்பகுதியில் மருந்தை ஊற்றும்போது உண்பவருக்குரிய இடர் குறைகிறது. மண்ணில் செம்பு சேரும் சிக்கல் எழுகிறது. செம்பின் செயல்முறை, பெயர்க் குழப்பங்கள், கலவை தயாரிப்பு, அளவு, மண்ணில் அதன் தேக்கம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நெல்லும் வெற்றிலையும் மாறிமாறி வரும் நிலத்தில் செம்புக் கணக்கைப் பயிர்வாரியாக அன்றி நிலவாரியாக வைத்தல் வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: வெற்றிலை, கொடிக்கால், போர்டோக் கலவை, மயில்துத்தம், செம்பு, வாடல் நோய், காவிரிப் படுகை, மண்வளம்.

1. முன்னுரை

காவிரிப் படுகை நெல்லுக்குப் பெயர்பெற்றது. அந்நெல்வயல்களின் நடுவே, அகத்தி மரங்கள் அடர்ந்து நிழல் தரும் சிறுசிறு துண்டு நிலங்களாக வெற்றிலைக் கொடிக்கால்கள் அமைந்துள்ளன. பாபநாசம் வட்டத்து ராஜகிரி, பண்டாரவாடை முதலிய ஊர்களும் கும்பகோணம், திருவையாறு சுற்றுப்புறங்களும் இப்பயிருக்கு அறியப்பட்டவை. 2025ஆம் ஆண்டில் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இதற்கு முன்பே சோழவந்தான் வெற்றிலையும் ஆத்தூர் வெற்றிலையும் அக்குறியீட்டைப் பெற்றுவிட்டன.

புவிசார் குறியீடு ஒரு விளைபொருளின் பெயரைக் காக்கிறது. அப்பெயருக்குரிய தரம் நிலைப்பது சாகுபடி முறையைப் பொறுத்தது. வெற்றிலைச் சாகுபடியில் நீண்ட காலமாகத் தொடரும் பெருஞ்சிக்கல் வாடல் நோய். அதற்கு நீண்ட காலமாகக் கூறப்படும் மருந்து செம்பு. இம்மருந்து மலிவானது, எளிதில் கிடைப்பது, பழகியது. பழகியதாலேயே அதன் இடர்கள் பெரிதாக எண்ணப்படுவதில்லை. செம்பு ஒரு தனிமம். ஏனைய பூச்சிக்கொல்லிகளைப் போல நாளடைவில் சிதைந்து வேறொரு பொருளாக மாறி மறைவதில்லை. இட்ட செம்பு இலையிலோ மண்ணிலோ நீரிலோ ஏதேனும் ஓரிடத்தில் இருந்தே தீரும். ஆகவே செம்பின் பாதுகாப்பு என்பது அதை எங்கே இடுவது, எவ்வளவு இடுவது என்னும் இரு வினாக்களில் அடங்குகிறது.

2. திராட்சையிலிருந்து வெற்றிலைக்கு

செம்புப் பூஞ்சைக்கொல்லியின் வரலாறு திராட்சைக் கொடியிலிருந்து தொடங்குகிறது. பிரான்சின் போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியலாளர் பியர் மரி அலெக்சி மில்லார்தே, 1882ஆம் ஆண்டு அக்டோபரில் மெதோக் பகுதியின் திராட்சைத் தோட்டமொன்றைக் கடந்து சென்றபோது, பாதையோரக் கொடிகளில் மட்டும் இலைகள் உதிராமல் இருப்பதைக் கண்டார். வழிப்போக்கர் பழம் பறிக்காமலிருக்க, அக்கொடிகளின் மீது செம்புச் சல்பேட்டையும் சுண்ணாம்பையும் கலந்து பூசியிருந்தனர். அந்நாளில் திராட்சையை அழித்துக்கொண்டிருந்த அடிச்சாம்பல் நோய் அக்கொடிகளை மட்டும் தாக்கவில்லை. வேதியியலாளர் உலிசே கெயோனின் துணையுடன் ஆய்ந்து, 1885ஆம் ஆண்டில் மில்லார்தே இக்கலவையை வெளியுலகுக்கு அறிவித்தார். ஊரின் பெயராலேயே அது போர்டோக் கலவை எனப்பட்டது.

இந்தியாவில் இக்கலவை திராட்சைக்கு அப்பாலும் விரைவில் பரவியது. மைசூர் அரசின் பூஞ்சையியலாளர் எல். சி. கோல்மன், பாக்கு மரத்தின் கொளெரோகம் என்னும் காயழுகல் நோய்க்கு இக்கலவையைப் பயன்படுத்தும் முறையை 1910ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். மத்திய மாகாணத்து வெற்றிலைத் தோட்டங்களின் கால் அழுகல் நோயை ஜே. எப். தஸ்தூர் 1920களில் ஆராய்ந்து, அதன் காரணி ஃபைட்டோப்தோரா இனத்தைச் சேர்ந்தது என வகைப்படுத்தினார். பாக்கும் வெற்றிலையும் தாம்பூலத்தில் ஒன்றுசேர்வது போலவே நோயிலும் ஒரே பேரினத்தால் பிணைக்கப்பட்டுள்ளன.

திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க் காரணியான பிளாஸ்மோபாராவும் வெற்றிலையின் வாடல் நோய்க் காரணியான ஃபைட்டோப்தோராவும் உறவுடையவை. இவை உண்மையான பூஞ்சைகள் அல்ல. நீர்ப்பூஞ்சைகள் எனப்படும் தனிப் பிரிவைச் சேர்ந்தவை. இரண்டும் நீரில் நீந்திச் செல்லும் வித்துகளை உருவாக்குபவை. எனவே ஒன்றைத் தடுத்த செம்பு மற்றொன்றையும் தடுத்தது. நோய்க் காரணிகளிடையே காணப்படும் இவ்வொற்றுமையே திராட்சை மருந்தைக் கொடிக்காலுக்குக் கொண்டுவந்தது. பயிர்களிடையே உள்ள வேற்றுமை அப்போது பின்னுக்குச் சென்றுவிட்டது.

3. கொடிக்காலும் வாடல் நோயும்

மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்த வெற்றிலைக்கு நிழலும் ஈரமும் இன்றியமையாதவை. தஞ்சைப் பகுதியில் அகத்தியை முதலில் விதைத்து வளர்த்து, அதனடியில் விதைக்கொடியை நட்டு, கொடி ஏறஏற அகத்தித் தண்டுடன் சேர்த்துக் கட்டுவர். பாத்திகளுக்கு இடையே வாய்க்கால்கள் ஓடும். ஓங்கி வளர்ந்த கொடியை இறக்கி, அடித்தண்டை மண்ணில் பதித்து மீண்டும் ஏற்றுவது வழக்கம். முதிர்ந்த இலைகளை ஆண்டு முழுவதும் சுற்றுமுறையில் கிள்ளி, கவுளிகளாக அடுக்கிச் சந்தைக்கு அனுப்புவர். கற்பூரக்கொடி, வெள்ளைக்கொடி, பச்சைக்கொடி என்பன தமிழகத்தில் வழங்கும் முதன்மை வகைகள். திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சிறுகமணி ஆய்வு நிலையம் சிறுகமணி 1 என்னும் வகையை வெளியிட்டுள்ளது.

வெற்றிலைக்கு உகந்த நிழலும் ஈரமும் நோய்க்கும் உகந்தவை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் அதனை அடுத்த குளிர்நாள்களிலும் நோய் மிகுகிறது. மண்ணில் தங்கியுள்ள நோய்க் காரணி, நீர் தேங்கும்போது நீந்தும் வித்துகளை வெளியிடுகிறது. அவை வாய்க்கால் நீரில் ஒரு பாத்தியிலிருந்து மறுபாத்திக்குச் செல்கின்றன. மண்மட்டத்திலுள்ள தண்டுப் பகுதி கறுத்து அழுகுகிறது. இலைகள் பொலிவிழந்து மஞ்சளாகித் தொங்குகின்றன. சில நாள்களில் கொடி முழுவதும் வாடுகிறது. மழைத்துளி தெறிப்பதால் தரையை ஒட்டிய இலைகளிலும் நீர் கசிந்தாற்போன்ற கரும்புள்ளிகள் தோன்றி அழுகல் பரவுகிறது.

கொடி வாடுவது வெளியே தெரியும் வேளையில் தண்டின் அடிப்பகுதி ஏற்கெனவே அழுகிவிட்டிருக்கும். செம்பைப் பயன்படுத்துவோர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய உண்மை இதுவே. வாடிய கொடிக்கு ஊற்றும் செம்பு அக்கொடியை மீட்பதில்லை.

4. செம்பு செயற்படும் முறை

செம்புக் கலவை காய்ந்த பின் இலையிலோ தண்டிலோ மண்துகள்களிலோ கரையாத நுண்படலமாகப் படிகிறது. ஈரம் படும்போது அப்படலத்திலிருந்து செம்பு அயனிகள் சிறிது சிறிதாக வெளியேறுகின்றன. முளைக்க முயலும் வித்து அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. அயனிகள் வித்தின் நொதிகளுடன் பிணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்வதால் வித்து மடிகிறது. ஒரே நேரத்தில் பல நொதிகளைத் தாக்குவதால் செம்புக்கு எதிரான தாங்குதிறன் நோய்க் காரணிகளில் எளிதில் உருவாவதில்லை. ஏறத்தாழ 140 ஆண்டுகளாகச் செம்பு பயன்பாட்டில் நிலைத்திருப்பதன் காரணம் இது.

இச்செயல்முறையிலிருந்து மூன்று விளைவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, செம்பு வருமுன் காப்பது; வந்தபின் தீர்ப்பதன்று. அது திசுக்களுக்குள் ஊடுருவிப் பரவுவதில்லை. இரண்டாவது, மேற்பரப்பிலேயே நிற்பதால் இலையில் தெளித்த செம்பு இலையின் மேலேயே இருக்கும். மழை கழுவினால் மண்ணைச் சேரும். மூன்றாவது, அயனிகள் அளவுக்கு மீறி வெளியேறினால் பயிரின் உயிரணுக்களும் பாதிக்கப்படும். சுண்ணாம்பு குறைந்த கலவையும், அமிலத்தன்மையுள்ள வேறு மருந்துகளுடன் சேர்த்த கலவையும் இலையைக் கருக்குவது இதனால்தான். நெடுநேரம் ஈரம் காயாத வானிலையிலும் இத்தீங்கு நேரலாம்.

5. பெயர்க் குழப்பமும் அளவுக் குழப்பமும்

செம்பின் பயன்பாட்டில் மொழிசார் சிக்கல்களும் உள்ளன. செம்புச் சல்பேட்டுக்குத் தமிழில் மயில்துத்தம், துருசு என்னும் பெயர்கள் வழங்குகின்றன. துருசு சித்த மருத்துவ நூல்களில் பயிலும் பெயர். மயிற்கழுத்தின் நீலத்தை ஒத்திருப்பதால் மயில்துத்தம் என்பது வந்தது. வெள்ளைத்துத்தம் என்பது துத்தநாகச் சல்பேட்டையும், அன்னபேதி என்பது இரும்புச் சல்பேட்டையும் குறிப்பன. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாகச் சல்பேட் இடுதல் பரவலான பரிந்துரை. துத்தம் என்னும் பொதுச்சொல்லை மட்டும் கொண்டு மருந்து வாங்கும்போது, சத்தாக இட வேண்டிய உப்பும் கொல்லியாக இட வேண்டிய உப்பும் மாறிவிடும் வாய்ப்பு உண்டு. ஹெக்டேருக்கு 25 கிலோ மயில்துத்தம் மண்ணில் சேருமாயின் அதிலுள்ள செம்பு மட்டும் ஏறத்தாழ 6.4 கிலோவாகும். எனவே விரிவாக்கக் கையேடுகளில் நிறத்தையும் வேதிப்பெயரையும் சேர்த்தே குறிப்பிடுதல் நன்று.

செம்பு மருந்துகளும் ஒன்றல்ல. போர்டோக் கலவை உழவரே தயாரிப்பது. செம்பு ஆக்சிகுளோரைடு நனையும் தூளாகவும், செம்பு ஹைட்ராக்சைடு 77 விழுக்காட்டு நனையும் தூளாகவும் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றில் செம்பின் பங்கு வேறுபடும். மயில்துத்தப் படிகத்தின் எடையில் செம்பு ஏறத்தாழ 25 விழுக்காடு. செம்பு ஹைட்ராக்சைடு என்னும் சேர்மத்தின் எடையில் செம்பு 65 விழுக்காடு. ஆதலால் 77 விழுக்காட்டுத் தூளில் செம்பு சற்றேறக்குறைய பாதியாகும். ஒரு தூளுக்குரிய அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் செம்பு இரட்டிப்பாகவோ பாதியாகவோ ஆகிவிடும்.

விழுக்காட்டுக் குறிப்பும் பிழைக்கு இடமளிக்கிறது. 1 விழுக்காட்டுப் போர்டோக் கலவை என்பது 100 லிட்டர் நீருக்கு 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ சுண்ணாம்பும் கொண்டது. 0.25 விழுக்காட்டுக் கலவைக்கு இரண்டிலும் 250 கிராம் போதும். நூல்களில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது 1 விழுக்காட்டுக் கலவையே. கொடிக்காலில் வேர்ப்பகுதிக்கு ஊற்றப் பரிந்துரைக்கப்படுவதோ 0.25 விழுக்காடு. நினைவிலுள்ள அளவைக் கொண்டு கலப்பவர் நான்கு மடங்கு செம்பை நிலத்தில் சேர்த்துவிடக்கூடும்.

6. கலவை தயாரிக்கும் முறை

போர்டோக் கலவையின் பாதுகாப்புச் சுண்ணாம்பைப் பொறுத்தது. மயில்துத்தக் கரைசல் தனித்து அமிலத்தன்மை உடையது, பயிரைக் கருக்கும். சுண்ணாம்பு அதனைச் சமன்செய்து, கரையாத நீலப் படிவாக மாற்றுகிறது. வெற்றிலை மெல்லுவோர் தடவும் சுண்ணாம்பும் வேதியியலில் இதுவே.

மொத்த நீரில் பாதியில் மயில்துத்தத்தையும் மறுபாதியில் சுட்ட சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து வடிகட்ட வேண்டும். பின்னர் மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். மாற்றி ஊற்றினால் படிவுத் துகள்கள் பருத்து விரைவில் அடியில் தங்கிவிடும். இரும்புப் பாத்திரமும் துத்தநாகப் பூச்சுள்ள வாளியும் ஆகா. செம்பு அவற்றின்மேல் படிந்து பாத்திரமும் கெடும், கலவையும் வலுவிழக்கும். மண்கலமோ நெகிழிக் கலமோ ஏற்றது.

சுட்ட சுண்ணாம்புக்கு மாற்றாக நீற்றிய சுண்ணாம்புத் தூளைப் பயன்படுத்தினால் 1 கிலோவுக்கு 1.3 கிலோ வேண்டும். நெடுநாள் திறந்து கிடந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று வலுவிழந்திருக்கும். எனவே எடையை மட்டும் நம்பாமல் சோதித்துப் பார்த்தல் இன்றியமையாதது. தேய்த்துத் துடைத்த இரும்புக் கத்தியையோ ஆணியையோ கலவையில் சில நிமிடங்கள் வைத்தெடுக்கும்போது அதன்மேல் செந்நிறப் படிவு காணப்பட்டால், சமன்செய்யப்படாத செம்பு எஞ்சியிருக்கிறது என்பது பொருள். படிவு தோன்றாத நிலை வரும் வரையில் சுண்ணாம்புக் கரைசலைச் சேர்க்க வேண்டும். கலவையை அன்றன்றே பயன்படுத்திவிடல் வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் படிவின் தன்மை மாறி ஒட்டுந்திறன் குறையும்.

7. இலையா, வேரா?

திராட்சைத் தோட்டத்தில் செம்பு இலையின்மேல் தெளிக்கப்படுகிறது. அவ்விலை உணவாவதில்லை. பறிப்புக்கு முன் உரிய இடைவெளி விட்டால் கனியில் எஞ்சும் அளவும் குறையும். வெற்றிலையின் நிலை இதற்கு மாறானது. ஒரு மாதத்திற்குள் கிள்ளப்படவிருக்கும் இலைகள் எப்போதும் கொடியில் இருக்கும். பறிப்பே இல்லாத காலம் என ஒன்று கொடிக்காலில் அரிது. கிள்ளிய இலை சமைக்கப்படுவதில்லை. காம்பும் நுனியும் கிள்ளி, பின்புறத்தைத் துடைத்து வாயிலிடுவதே வழக்கம். கைவைத்தியத்தில் இலைச்சாறு சிறு குழந்தைகளுக்கும் புகட்டப்படுகிறது.

எளிய கணக்கு ஒன்று இதனைத் தெளிவாக்கும். 0.25 விழுக்காட்டுப் போர்டோக் கலவையின் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 0.64 மில்லிகிராம் செம்பு உள்ளது. ஓர் இலையில் அரை மில்லிலிட்டர் கலவை தங்கிக் காய்வதாகக் கொண்டால், கழுவாத ஐந்து இலைகளில் 1.6 மில்லிகிராம் செம்பு இருக்கும். 1 விழுக்காட்டுக் கலவையாயின் அது 6.4 மில்லிகிராம் ஆகும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் செம்புக்கு வகுத்துள்ள வழிகாட்டு அளவு. செம்பு உடலுக்குச் சிறிதளவு தேவையான தனிமமே. ஐந்து இலைகள் எவரையும் உடனே நோயில் வீழ்த்தும் என இக்கணக்கு கூறவில்லை. நாள்தோறும் வெற்றிலை மெல்லும் ஒருவருக்கு இலை, குடிநீரைப் போன்றதொரு செம்பு வாயிலாக மாறக்கூடும் என்பதையே காட்டுகிறது.

அகத்தியும் இங்குக் கருதத்தக்கது. கொடிக்காலில் மேல்நோக்கித் தெளிக்கும் மருந்து வெற்றிலையில் மட்டும் படுவதில்லை. தாங்கி நிற்கும் அகத்தியிலும் படுகிறது. அகத்திக்கீரை மனிதர்க்கு உணவு. கழிக்கும் தழை மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீவனம். கால்நடைகளுள் செம்மறி ஆடுகள் செம்பு நச்சுக்கு மிக எளிதில் ஆளாகின்றன. செம்பு அவற்றின் கல்லீரலில் தேங்கி, பின்னர் திடீரெனக் குருதியில் கலந்து உயிரைப் பறிக்கும். தெளித்த கொடிக்காலின் அகத்தித் தழையைச் செம்மறிகளுக்கு இடலாகாது.

இக்காரணங்களால் கொடிக்காலில் செம்புக்குரிய இடம் இலையன்று. விதைக்கொடியும் வேர்ப்பகுதியுமே ஆகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் இதனை ஒட்டியே அமைந்துள்ளது. நோயற்ற, ஓராண்டுக்கு மேல் முதிர்ந்த கொடியிலிருந்து விதைக்கொடியைத் தேர்தல், அதனை 0.05 விழுக்காட்டுப் போர்டோக் கலவையில் அரைமணி நேரம் நனைத்தல், அக்டோபர் முதல் சனவரி வரை மாத இடைவெளியில் 0.25 விழுக்காட்டுக் கலவையைக் கொடியின் அடியில் ஊற்றுதல் என்பன அதன் கூறுகள். இலையழுகல் மிகுந்து தெளித்தே தீர வேண்டிய நிலை ஏற்பட்டால், முதிர்ந்த இலைகளையெல்லாம் முன்பே கிள்ளிவிட்டு, தரையை ஒட்டிய பகுதியில் மட்டும் தெளித்து, மருந்துச் சீட்டிலுள்ள இடைவெளி முடியும்வரை பறிப்பை நிறுத்துதல் வேண்டும். கையேடுகளில் தெளித்தல், ஊற்றுதல் என்னும் இரு வினைகளும் தெளிவாக வேறுபடுத்தப்பட வேண்டியதன் தேவை இங்குப் புலனாகிறது. மருந்தடித்தல் என்னும் பொதுவழக்கு இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

8. மண்ணின் செம்புக் கணக்கு

இலையைக் காத்த இம்முறைக்கு மண் விலை கொடுக்கிறது. ஊற்றிய செம்பு முழுவதும் மண்ணைச் சேர்கிறது. களிமண்ணும் மக்கிய கரிமப் பொருளும் செம்பை இறுகப் பற்றிக்கொள்வதால் அது ஆழத்திற்கு இறங்காமல் மேல்மண்ணிலேயே தங்குகிறது. படுகையின் வண்டல் களிக்கு இத்தன்மை மிகுதி.

ஒரு ஹெக்டேருக்கு ஒரு முறைக்கு 2000 லிட்டர் வீதம் 0.25 விழுக்காட்டுக் கலவையை ஆண்டுக்கு மும்முறை ஊற்றுவதாகக் கொள்வோம். மொத்தம் 15 கிலோ மயில்துத்தம், அதாவது ஏறத்தாழ 3.8 கிலோ செம்பு மண்ணில் சேரும். ஹெக்டேர் ஒன்றின் 15 சென்டிமீட்டர் ஆழ மேல்மண்ணின் எடை ஏறத்தாழ 20 இலட்சம் கிலோ. பரவலாகக் கணக்கிட்டால் ஆண்டுக்குக் கிலோ மண்ணுக்கு 1.9 மில்லிகிராம் செம்பு கூடும். ஆனால் கலவை பரவலாக ஊற்றப்படுவதில்லை. கொடி நிற்கும் வரிசை நிலப்பரப்பில் ஐந்திலொரு பங்கு எனக் கொண்டால், அவ்வரிசையில் ஆண்டுக்கு 9.5 மில்லிகிராம் கூடும். அளவு பிழைத்து 1 விழுக்காட்டுக் கலவை ஊற்றப்பட்டால் இவையனைத்தும் நான்கு மடங்காகும்.

ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களின் பட்டறிவு இங்குப் பயன்படும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் மேல்மண் மாதிரிகளைக் கொண்டு 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், எல்லா நிலங்களின் சராசரிச் செம்பு கிலோவுக்கு 17 மில்லிகிராம் அளவிலும், திராட்சைத் தோட்டங்களின் சராசரி 49 மில்லிகிராம் அளவிலும் இருந்தன. தலைமுறைகளாகத் தெளித்ததன் தடம் இது. அவ்வாண்டிலேயே ஐரோப்பிய ஒன்றியம், செம்புச் சேர்மங்களை ஏழாண்டுகளில் ஹெக்டேருக்கு மொத்தம் 28 கிலோ செம்புக்கு மேற்படாமல் பயன்படுத்த வேண்டும் என வரையறுத்தது. ஆண்டுச் சராசரி 4 கிலோ. மேற்கண்ட கொடிக்கால் கணக்கு பரிந்துரைத்த செறிவிலேயே இவ்வெல்லையை நெருங்கி நிற்பது கவனிக்கத்தக்கது.

கொடிக்கால் நிலையான தோட்டமன்று என்பதால் இச்சிக்கல் எழாது எனக் கருதலாம். சில ஆண்டுகளில் கொடிக்கால் கலைக்கப்பட்டு, அந்நிலம் நெல்லுக்கோ வாழைக்கோ திரும்புகிறது. எனினும் செம்பின் வரவு அதனுடன் நின்றுவிடுவதில்லை. நெற்பழ நோய்க்குச் செம்பு ஹைட்ராக்சைடு ஹெக்டேருக்கு 1.25 கிலோ பரிந்துரைக்கப்படுகிறது. அதில் செம்பு ஏறத்தாழ 0.63 கிலோ. நெல்லின் இலைப்புள்ளி நோய்க்குச் செம்பு ஆக்சிகுளோரைடு பயன்படுகிறது. நடவு வயலில் பாசி படரும்போது மயில்துத்தத்தை மூட்டையாகக் கட்டி வாய்மடையில் வைப்பதும் மணலுடன் கலந்து தூவுவதும் உண்டு. ஆக, ஒரே நிலத்திற்குச் செம்பு மூன்று வாயில்களில் நுழைகிறது. ஒவ்வொரு வாயிலிலும் அதற்கு ஒவ்வொரு பெயர்: கொடிக்காலில் போர்டோக் கலவை, கதிர்ப் பருவத்தில் பூஞ்சைக்கொல்லி, நடவில் பாசிமருந்து. பெயர்கள் வேறானதால் இவை ஒரே கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.

செம்பு மிகுந்த மண்ணில் மண்புழுக்கள் குறையும். நுண்ணுயிர்ச் செயற்பாடு மந்தமாகும். பாசியைக் கொல்லும் அதே செம்பு, நெல்லுக்குத் தழைச்சத்து சேர்க்கும் நீலப்பச்சைப் பாசியையும் அசோலாவையும் வேறுபடுத்தி அறியாது. வடிகால் வழியாக வாய்க்காலைச் சேரும் செம்பு மீன்குஞ்சுகளுக்குக் கொடிய நஞ்சு. ஒருவரது வடிகால் அடுத்தவரது பாசனமாக அமையும் படுகை நிலத்தில் தெளிப்பானை வாய்க்காலில் கழுவுதல் தனிமனிதச் செயலாக நின்றுவிடுவதில்லை.

இக்கணக்கை வைக்கப் புதிய ஏற்பாடு ஏதும் தேவையில்லை. 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தின் 12 அளவீடுகளுள் செம்பும் ஒன்று. அட்டையில் செம்பு நுண்ணூட்டச் சத்தாகவே கருதப்படுகிறது; குறை உள்ளதா என்பதே நோக்கப்படுகிறது. போதுமானது என்று அட்டை கூறினால் பார்வை அடுத்த வரிக்குச் சென்றுவிடுகிறது. கொடிக்காலாக இருந்த நிலங்களில் அடுத்தடுத்த அட்டைகளின் செம்பு எண்ணை ஒப்பிட்டு, அது ஏறிவருகிறதா என நோக்குவது எளிய கண்காணிப்பு முறையாக அமையும். மாதிரி எடுக்கும்போது கொடி வரிசை மண்ணையும் இடைவெளி மண்ணையும் தனித்தனியே எடுப்பது தேவை. இரண்டையும் கலந்தால் வரிசையின் மிகை மறைந்துவிடும்.

9. மருந்தைக் கையாள்பவரின் பாதுகாப்பு

செம்பு மருந்துகள் ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தவை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. 1969ஆம் ஆண்டில் போர்த்துகல் நாட்டு மருத்துவர்கள் பிமெந்தெலும் மார்க்கெசும், திராட்சைத் தோட்டங்களில் பல்லாண்டுகள் போர்டோக் கலவை தெளித்த தொழிலாளரின் நுரையீரல் திசுக்களில் செம்பு படிந்து நோயுற்றிருந்ததை வெளியிட்டனர். திராட்சைத் தெளிப்பாளர் நுரையீரல் நோய் என அது பெயர்பெற்றது. காற்றோட்டம் குறைந்த, நிழலடர்ந்த கொடிக்காலில் தலைக்கு மேல் தெளிப்பவருக்கு இச்செய்தி நேரடித் தொடர்புடையது. அடியில் ஊற்றும் முறை மூச்சில் சேரும் நுண்துளிகளைப் பெரிதும் குறைக்கிறது என்பது அம்முறையின் மற்றொரு நன்மை.

மயில்துத்தத் தூளும் கரைசலும் கண்ணை அரிப்பவை. விழுங்கினால் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சுட்ட சுண்ணாம்பு நீருடன் சேரும்போது கொதித்துத் தெறிக்கும். ஆகவே கலக்கும் வேளையிலேயே கண்ணாடியும் கையுறையும் வேண்டும். தெளிக்கும் வேளையில் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். மருந்து கையாளும்போது வெற்றிலை போடுவதும் புகைப்பதும் கையிலுள்ள செம்பை வாய்க்குக் கொண்டுசெல்லும். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி மருத்துவரை அணுக வேண்டும். நீலப்படிகம் குழந்தைகளைக் கவர்வது, பூட்டிவைத்தலே தகும். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான மருந்துகளின் உறையில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் நச்சின் தரத்தைக் குறிக்கின்றன. உழவர் தாமே கலக்கும் போர்டோக் கலவைக்கு அத்தகைய உறை இல்லை. அதனால் எச்சரிக்கையை வாய்மொழியாகவும் கையேடாகவும் கொண்டுசேர்க்கும் பொறுப்பு விரிவாக்கப் பணியாளரைச் சார்கிறது.

10. செம்பின் தேவையைக் குறைத்தல்

இலையிலிட்டால் உண்பவருக்கும் மண்ணிலிட்டால் நிலத்துக்கும் இடர் எனும்போது, செம்பின் தேவையைக் குறைப்பதே உறுதியான வழி. நோய் நீரில் நீந்தி வருவதால் முதல் மருந்து வடிகால். மழைக்காலத்தில் பாத்தியை உயர்த்துதல், நீர்பாய்ச்சும் இடைவெளியை நீட்டுதல், நோயுற்ற பகுதியின் நீர் நலமான பகுதிக்குச் செல்லாமல் மடையை மாற்றுதல் ஆகியவை செலவு குறைந்தவை. அழுகிய கொடியை வேரோடு எடுத்துக் கொடிக்காலுக்கு வெளியே எரித்துவிட வேண்டும். வாய்க்காலில் எறிந்தால் அதுவே நோயின் விதை. தொழுவுரமும் வேப்பம் பிண்ணாக்கும் மண்ணின் நன்மை தரும் நுண்ணுயிர்களைப் பெருக்கும்.

டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் முதலிய உயிரியல் கொல்லிகளைச் செம்புடன் ஒரே நாளில் கலந்து இடுதல் பொருந்தாது. செம்பு நோய்க் காரணியையும் துணையுயிரையும் ஒருசேரத் தாக்கவல்லது. மழைக்கு முன்னும் பின்னும் உயிரியல் கொல்லிகளையும், நோய் மிகும் அடைமழை நாள்களையொட்டிச் செம்பையும் எனக் காலத்தால் பிரித்து இடுவதே தக்கது. நெல்லுடன் பயிர்ச்சுழற்சி செய்தலும், வாடல் கண்ட நிலத்தில் உடனே மீண்டும் கொடிக்கால் வைக்காமையும் மருந்தின் தேவையைக் குறைக்கும்.

முடிவுரை

திராட்சைக்காக உருவான மருந்து வெற்றிலைக்கு வந்தபோது, நோயின் ஒற்றுமையோடு பயிரின் வேற்றுமையும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். கொடிக்காலில் செம்பு வருமுன் காக்கும் கருவி மட்டுமே. அதன் இடம் விதைக்கொடியும் வேர்ப்பகுதியும். அதன் அளவு 0.25 விழுக்காடு, அதன் காலம் பருவமழைத் திங்கள்கள். தெளித்தல், ஊற்றுதல் என்னும் சொற்களையும், மயில்துத்தம், வெள்ளைத்துத்தம் என்னும் பெயர்களையும் கையேடுகள் தெளிவாக வேறுபடுத்துமாயின் பிழைகள் பல தவிர்க்கப்படும்.

நெல்லும் வெற்றிலையும் மாறிமாறி வரும் படுகையில் பயிர்கள் மாறுகின்றன. செம்பு அந்நிலத்திலேயே தங்குகிறது. ஆகவே எந்தப் பயிருக்கு எவ்வளவு என்னும் வினாவோடு, இந்நிலத்தில் இதுவரை எவ்வளவு என்னும் வினாவும் எழுப்பப்பட வேண்டும். கொடிக்கால் வரிசை மண்ணில் செம்பின் அளவு, கிள்ளிய இலையில் எஞ்சும் செம்பு, அகத்தித் தழையில் சேரும் செம்பு ஆகிய மூன்றையும் ஒரே நிலத்தில் ஒருங்கே அளந்தறியும் கள ஆய்வுகள் இவ்வினாவுக்கு விடை தரவல்லன.